நாலு வருஷச் சிப்பாய் ஊர் திரும்பும்போது

அக்னிபத் திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூன் 14 அன்று அறிவித்தது. அதில் தேர்வான முதல் அணிப் பையன்கள் 2023 தொடக்கத்தில் பயிற்சி மையங்களில் இருந்தார்கள். அவர்களுடைய நான்கு ஆண்டு 2026 முடிவிலும் 2027 தொடக்கத்திலுமாக நிறைவடைகிறது. அதாவது, இன்னும் கொஞ்ச நாளில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ‘மிலிட்டரிக்காரர்’ என்ற பெயரோடு பையன்கள் நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பெட்டியோடு வந்து இறங்கப் போகிறார்கள்.

திட்டம் நல்லதா கெட்டதா என்ற வாதம் 2022-லேயே தொடங்கிவிட்டது. கிணத்துக்கடவு டீக்கடை பெஞ்சில் இன்றைக்கும் நடக்கிறது. ஒருவர், “நாலு வருஷம் மிலிட்டரியில இருந்துட்டு வந்தா பையன் ஒழுங்கா இருப்பான், நாட்டுக்கு நல்லது” என்பார். இன்னொருவர், “துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு நடுத்தெருவுல விட்டா என்ன ஆகும்?” என்பார். இரண்டு பேருமே ராணுவத்தில் இருந்தவர்கள் அல்ல. 1971 முதல் 1986 வரை மதராஸ் ரெஜிமெண்டில் இருந்து ஹவில்தாராக வெளியே வந்து, பிறகு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் என் கருத்தை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவன். பயிற்சி மைதானமும் தெரியும், விண்ணப்பப் படிவமும் தெரியும்.

முதலில் விவரம். பதினேழரை வயதிலிருந்து 21 வயது வரை உள்ளவர்களை எடுப்பது என்பது 2022 அறிவிப்பு. முதல் ஆண்டு மட்டும் விதிவிலக்காக 23 வரை எடுத்தார்கள். முதல் ஆண்டில் மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் பிடித்து 21,000 கையில் கொடுப்பார்கள். நான்காம் ஆண்டில் 40,000; கையில் 28,000. பிடித்த பணத்துக்குச் சமமாக அரசும் போட்டு, நான்கு ஆண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் ‘சேவா நிதி’யாக வரும். வருமான வரி கிடையாது. பணியில் இருக்கும்போது 48 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. நான்கு ஆண்டு முடிந்ததும் 25 சதவீதம் வரை நிரந்தரப் படையில் வைத்துக்கொள்வார்கள் என்பது 2022 அறிவிப்பு. மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை, கேன்டீன் இல்லை. ‘முன்னாள் படைவீரர்’ என்ற தகுதியும் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் பயிற்சி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் ‘ஒழுக்கம் வரும்’ என்பதும் ‘ஆபத்து வரும்’ என்பதும் வெறும் பேச்சு.

நான் புதுச்சேரிக்காரன். பிரெஞ்சு வழியில் படித்தவன். 1971-இல் பதினெட்டு வயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறி வெலிங்டன் ஸ்டேஷனில் இறங்கினேன். கடலோரத்தில் வளர்ந்த உடம்பு. குன்னூர் தாண்டியதும் பல் கிட்டிவிட்டது. இறங்கிய அன்றே முடி போயிற்று. அடுத்து ஒரு நம்பர் கொடுத்தார்கள். பெயருக்கு முன்னால் அந்த நம்பரைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் பிறந்த தேதிக்கு முன் அந்த நம்பர்தான் வாயில் வரும்.

எங்களை ‘ரங்ரூட்’ என்பார்கள். தமிழன், மலையாளி, தெலுங்கன், கன்னடக்காரன் எல்லாம் ஒரே பேரக்கில். 1758-இல் தொடங்கிய படை மதராஸ் ரெஜிமெண்ட். இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படைகளில் ஒன்று. வடக்கே இருந்து வரும் அதிகாரிகளும் எங்களை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் கட்டளை எல்லாம் இந்தி. சாவ்தான், விஸ்ராம், தேஸ் சல், தாம். தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து ஆறு ஆண்டு ஆகியிருந்த நேரம். எங்களில் பாதிப் பேருக்கு ஒரு சொல்கூடத் தெரியாது. பாடப் புத்தகத்தில் இந்தியை ஆங்கில எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். என்னோடு வந்த இன்னொரு புதுச்சேரிப் பையன் அதைப் பிரெஞ்சு உச்சரிப்பில் வாசிப்பான். ‘தேஸ் சல்’ என்பது அவன் வாயில் ‘தே ஷல்’ என்று வரும். உஸ்தாத் கேரளத்துக்காரர். அவருக்கு இது எந்த ஊர் மொழி என்று கடைசி வரை விளங்கவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்து, மக்கில் டீ வாங்கிக் குடித்துவிட்டு ஓட்டம். டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கயிறு ஏறுவது, ஒன்பதடி பள்ளம் தாண்டுவது, பிறகு டிரில். நாலரைக் கிலோ எடையுள்ள எஸ்.எல்.ஆர். துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துத் திரும்ப மாட்டுவது. கம்பளியை மடிக்கும்போது ஓரம் கத்தி போல நிற்க வேண்டும். ஒருவன் பூட்ஸில் மண் இருந்தால் பத்துப் பேருக்கும் சேர்த்து ஒரு சுற்று ஓட்டம். ஆரம்பத்தில் அது அநியாயமாகத் தெரியும். ஒரு மாதத்துக்குள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் பூட்ஸை நீங்களே போய்ப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். பயிற்சியின் ரகசியம் அவ்வளவுதான். உங்கள் கண் உங்கள் மேல் இருந்து விலகி, பக்கத்தில் இருப்பவன் மேல் போய்விடும்.

அந்த டிசம்பரில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. எங்கள் பயிற்சி முடியவில்லை. சாயங்காலம் ரேடியோவைச் சுற்றி நின்று கேட்போம். எங்களுக்கு முன்னால் பயிற்சி முடித்துப் போனவர்கள் எங்கே இருப்பார்கள் என்று யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். ஆனால் அந்த இரண்டு வாரமும் மைதானத்தில் ஒருவனும் சோம்பவில்லை. உஸ்தாத் கத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பிறகு சத்தியப் பிரமாண அணிவகுப்பு. அவரவர் வேதத்தின் மேல் கை வைத்து உறுதிமொழி. அன்றைக்கு முழங்கிய ‘வீர மதராசி, அடி கொல்லு’ என்ற கோஷம் மலையில் மோதித் திரும்பி வந்தது இப்போதும் காதில் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பயிற்சி எனக்கு என்ன கொடுத்தது? உடம்பு கொடுத்தது. பயம் வரும்போதும் கை நடுங்காமல் செய்ய வேண்டியதைச் செய்யும் பழக்கம் கொடுத்தது. எல்லாவற்றையும் விட, ஜோடி கொடுத்தது. காவல் நின்றாலும், ரோந்து போனாலும், தூங்கினாலும் இரண்டு பேராகத்தான். அவன் உயிர் என் கையில், என் உயிர் அவன் கையில்.

எதை எடுத்துக்கொண்டது? தனியாக முடிவெடுக்கும் வழக்கத்தை எடுத்துக்கொண்டது. எப்போது எழுவது, என்ன உடுப்பது, எங்கே போவது என்று எதையும் யோசிக்க வேண்டாம். பதினைந்து ஆண்டு அப்படியே. 1986-இல் வீடு வந்த பிறகும் நாலரை மணிக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து ஷூவுக்குப் பாலிஷ் போடுவேன். போக இடம் இருக்காது. “இது வீடு, பேரக்கு இல்லை” என்று என் மனைவி சொல்லுவாள். ரேஷன் கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால் எனக்கு மூச்சு முட்டும். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. ஒழுக்கம் என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வது இதைத்தான். கூட்டத்தோடு இருக்கும்போது அது பலம். அந்தக் கூட்டத்தை விட்டுத் தனியாக வந்தவனுக்குக் கொஞ்ச காலம் அதுவே சுமை. ஆகவே ‘நாலு வருஷம் போய் வந்தா போதும், பையன் தானா நல்லா இருப்பான்’ என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வந்த பிறகு சேர்வதற்கு ஓர் இடம் வேண்டும்.

‘துப்பாக்கி தெரிந்தவன் ஆபத்தானவன்’ என்பதையும் ஒப்புக்கொள்ளமாட்டேன். எத்தனையோ ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் ஒவ்வொரு வருடமும் வீடு திரும்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். அவரால் யாருக்காவது தொல்லை உண்டா? பெரும்பாலும் அவர்தான் தெருவிளக்கு எரியவில்லை என்று மின்வாரியத்துக்குப் போன் செய்பவராக இருப்பார்.

எனக்குச் சேர ஓர் இடம் கிடைத்தது. எப்படிக் கிடைத்தது என்பதை எழுத்தராக இருந்தவன் சரியாகச் சொல்ல முடியும். ஒரே ஒரு சொல்லால் கிடைத்தது. விண்ணப்பப் படிவத்தில் ‘முன்னாள் படைவீரரா? ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ‘ஆம்’ என்று என்னால் எழுத முடிந்தது. அதை எழுதியதும் ராணுவத்தில் இருந்த ஆண்டுகளை என் வயதிலிருந்து கழித்து, மேலும் மூன்று ஆண்டு சலுகை கொடுத்தார்கள். மத்திய அரசின் ‘சி’ பிரிவுப் பணியிடங்களில் 10 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வந்தேன். பதினைந்து ஆண்டு பணி முடித்தவனுக்குப் பள்ளிப் படிப்போடு அந்தப் பணியைச் சேர்த்துப் பட்டத்துக்குச் சமமாகக் கருதும் விதியும் உண்டு. 1987-இல் கோவையில் எழுத்தர் வேலை. ஒரு வீட்டு மனை கிணத்துக்கடவில் மலிவாகக் கிடைத்தது. பொன்மலை வேலாயுதசாமி கோயில் அடிவாரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு கட்டினேன். இதையெல்லாம் செய்தது அந்த ஒரு கட்டம்.

அந்த ஓராண்டு இடைவெளியில் வேலை கேட்டுப் போன இடங்களில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. ஒரு தனியார் ஆலையில் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “நைட் ஷிப்ட் வருவீங்களா?” என்பதுதான் முதல் கேள்வி. டார்ச், தடி, விசில். ராணுவத்திலிருந்து வந்தவன் என்றால் வாட்ச்மேன் என்று அவர்களாகவே முடிவு செய்து வைத்திருந்தார்கள். காவல் வேலை கேவலம் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு 1986-இல் தொடங்கிய டெக்ஸ்கோ நிறுவனம் எத்தனையோ முன்னாள் வீரர்களின் வீட்டில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆனால் ஓய்வூதியம் வாங்கும் நாற்பது வயதுக்காரன் கூடுதல் வருமானத்துக்காகக் காவல் நிற்பது ஒன்று. இருபத்து மூன்று வயதுப் பையனை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, அதுதான் இனி உன் வாழ்க்கை என்று சொல்வது வேறு.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு சக்தி உண்டா என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரிக் கதை ஒன்று சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ‘சொல்தா’க்கள் பலர் இருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றிவிட்டு வந்த தமிழர்கள். தென் பிரான்சில் ஃப்ரேழுஸ் என்ற ஊரில் காலனிப் படைகளுக்கான முகாம் இருந்தது. அங்கே பட்ட குளிரைப் பற்றி ஒரு தாத்தா கதை கதையாகச் சொல்லுவார். வெலிங்டன் குளிரில் நான் அவரை நினைத்துக்கொள்வேன். ஒழுங்காகப் பென்ஷன் வரும். ஜூலை 14 வந்தால் கோட்டும் பதக்கமுமாகக் கடற்கரைக்குப் போவார். தலை நிமிர்ந்தே நடப்பார்.

புதுச்சேரி இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகத் தொடரலாம் என்றார்கள். ஏறத்தாழ 5,000 பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் இந்தியர்கள் ஆனார்கள். ஒரு காகிதத்தில் ஒரு சொல். அதை வைத்துத்தான் இரண்டு தலைமுறையின் வாழ்க்கை பிரிந்தது.

பிரான்ஸ் நாடு இன்னொன்றும் செய்தது. 1959-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, விடுதலை பெற்ற காலனி நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை அப்படியே உறைய வைத்தது. பிரெஞ்சு வீரனுக்கு ஆண்டுதோறும் ஏறும். அவனோடு ஒரே பதுங்கு குழியில் கிடந்த ஆப்பிரிக்கனுக்கு ஏறாது. பிரெஞ்சில் இதற்கு ‘கிரிஸ்தலிசாசியோன்’ என்று பெயர், படிகமாக்குவது. 2006-இல் ‘அந்திழேன்’ என்ற திரைப்படம் வட ஆப்பிரிக்க வீரர்களின் கதையைச் சொல்லி நாட்டையே வெட்கப்பட வைத்த பிறகு அரசு அசைந்தது. 2010 மே 28 அன்று அரசியலமைப்பு மன்றம் அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லாது என்றது. ஐம்பது ஆண்டு. அதற்குள் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பயிற்சி ஒன்றுதான், போர் ஒன்றுதான், குண்டு ஒன்றுதான். படிவத்தில் இருந்த சொல் மட்டும் வேறு.

அக்னிவீர் விஷயத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான். நம் மத்திய அரசு விதிகளில் ‘முன்னாள் படைவீரர்’ யார் என்பதற்கு நீண்ட விளக்கம் இருக்கிறது. சாரம் இதுதான்: பென்ஷனோடு வந்தவர், அல்லது குறிப்பிட்ட பணிக்காலம் முடித்துப் பணிக்கொடையோடு வந்தவர், அல்லது பணியால் வந்த ஊனத்தால் அனுப்பப்பட்டவர், இப்படிப் போகும். அக்னிவீருக்குப் பென்ஷனும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. சேவா நிதி என்பது வேறு பெயர். அதனால் அவன் எந்தக் கட்டத்திலும் டிக் அடிக்க முடியாது. பனிமலையில் காவல் நின்றிருப்பான். ஆனால் கோவையில் ஓர் அலுவலக ஜன்னலில் நின்று ‘நான் முன்னாள் படைவீரன்’ என்று சொன்னால், உள்ளே இருக்கும் எழுத்தர் விதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இல்லை தம்பி’ என்பார். அவர்மேல் தவறில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்த் தரப்பிலும் நியாயம் உண்டு. படைக்கு இளம் வயதுக்காரர்கள் வேண்டும். உயரமான மலையில் முப்பத்தைந்து வயது உடம்பும் இருபத்திரண்டு வயது உடம்பும் ஒன்றல்ல. கார்கில் போருக்குப் பிறகு அமைத்த ஆய்வுக் குழுவும் பணிக்காலத்தைக் குறைக்கச் சொன்னது. ஆனால் அவர்கள் சொன்னது ஏழு முதல் பத்து ஆண்டு. அதோடு, அப்படி வருபவர்களைத் துணை ராணுவப் படைகளில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். இப்போதும் மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். 2022-இல் சொன்னது 10 சதவீதம். இக்னோ பல்கலைக்கழகத்தின் வழியாகப் பட்டம் படிக்கவும், படையில் பெற்ற பயிற்சிக்கு அதில் 50 சதவீத மதிப்பெண் வரவு கொடுக்கவும் ஏற்பாடு உண்டு. இவையெல்லாம் நல்லவைதான். அறிவிப்பு வேறு, ஒரு தனிப்பட்ட பையன் கையில் வேலை உத்தரவு வருவது வேறு என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இன்னும் பெரிதாகத் தோன்றுவது அந்த 25 சதவீதக் கணக்கு. எங்கள் காலத்தில் எல்லோரும் ஒரு நாள் வீடு திரும்புவோம். யாரும் ‘உன்னை ஏன் வைத்துக்கொள்ளவில்லை?’ என்று கேட்கமாட்டார்கள். இப்போது நூறு பேர் போனால் இருபத்தைந்து பேரை நிறுத்திக்கொண்டு எழுபத்தைந்து பேரை அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ஒவ்வொருவனும் ஊர்க்காரர் கண்ணுக்குத் தேறாதவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் பெயிலானவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பெண் கேட்டுப் போன இடத்தில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். பயிற்சியில் ஜோடி பற்றிச் சொன்னேன் அல்லவா? அந்த இரண்டு பேரில் ஒருவன்தான் நிற்கப் போகிறான் என்று இருவருக்கும் முதல் நாளே தெரிந்தால் என்ன ஆகும்? பக்கத்துக் கட்டில்காரன் பூட்ஸில் மண் இருந்தால் சொல்லுவானா, மாட்டானா? நல்ல பிள்ளைகள் சொல்லுவார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சோதனையில் பிள்ளைகளை நிறுத்தியிருக்க வேண்டாம்.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தக்காளி போட்டு நம் மார்க்கெட்டுக்குக் கொண்டுவருபவர். விலை விழும் நாளில் பெட்டி வாடகைக்குக்கூடத் தேறாது.

“ஏனுங்க, பையன் பன்னெண்டாவது முடிச்சுட்டானுங்க. மிலிட்டரிக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறானுங்க. காத்தால எந்திரிச்சு ரோட்டுல ஓடறானுங்க. நாலு வருசத்துல அனுப்பிச்சுருவாங்களாமா? அனுப்பறதாங்க வேண்டாம்னு தடுக்கறதாங்க?”

அவர் எதிர்பார்த்தது ஒரே சொல்லில் பதில். நான் பையனை அனுப்பச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினேன். நல்ல பையன். ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுகிறான். புல்-அப் பத்து எடுக்கிறான். “போ கண்ணு, தடுக்கமாட்டேன்” என்றேன். “ஆனா மூணு விஷயம். சேர்ந்த முதல் வருஷமே பட்டப் படிப்புக்குப் பதிவு செஞ்சுக்கோ. டிரைவிங், சிக்னல், ஸ்டோர், எதுல போட்டாலும் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வை. நிறுத்திக்கிட்டா சந்தோஷம், நிறுத்தலைன்னா அது தோல்வி இல்லைன்னு இப்பவே மனசுல எழுதி வெச்சுக்கோ.” அப்பாவிடம் தனியாகச் சொன்னது நான்காவது. “அவன் கொண்டு வர்ற பணத்துல மூணு மாசத்துக்குக் கை வைக்காதீங்க. அக்கா கல்யாணக் கடன், கிணறு ஆழப்படுத்துறது எல்லாம் இருக்கும், தெரியும். அது அவன் பென்ஷனுக்குப் பதிலா கொடுத்த பணம். இன்னொரு தடவை வராது.” அவர் பேசாமல் தலையாட்டினார். அவருக்குக் கடன் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

குடும்பம் செய்ய வேண்டியது இவ்வளவு. மற்றது அரசும் நாமும் செய்ய வேண்டியது. என் யோசனைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல.

முதலாவது, அந்தக் கட்டம். பென்ஷன் தரமுடியாது என்றால் அது பணத்தின் கணக்கு, புரிகிறது. பெயர் தருவதற்கு என்ன செலவு? நான்கு ஆண்டு நற்சான்றோடு முடித்தவனும் படைவீரனாக இருந்தவன்தான் என்று விதியில் ஒரு வரி சேர்க்கட்டும். முழுச் சலுகை முடியாவிட்டால் தனிப் பிரிவாகவாவது வைக்கட்டும். வயதுச் சலுகை, விண்ணப்பக் கட்டணச் சலுகை, மாநில அரசுப் பணிகளில் ஒரு பங்கு என்று அதன் கீழ் படிப்படியாகச் சேர்க்கலாம். பெயரே இல்லாதவனுக்கு எதையும் சேர்க்க முடியாது. கோப்பு தொடங்குவதற்கே ஒரு தலைப்பு வேண்டும்.

இரண்டாவது, படிப்பு. அமெரிக்காவில் 1944-இல், போர் முடிவதற்கு முன்பே, திரும்பி வரும் வீரர்களுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். கல்லூரிக் கட்டணம், படிக்கும் காலத்துக்கு உதவித்தொகை, வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம். 78 லட்சம் பேர் அதில் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். போர் முடிந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை, முன்னாலேயே யோசித்தார்கள். கோவையைச் சுற்றி எத்தனை பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இருக்கின்றன! பல இடங்களில் இருக்கைகள் காலியாகக் கிடக்கின்றன. இருபத்து மூன்று வயதுப் பையனுக்கு அதில் ஓர் இடம் கட்டணமில்லாமல் கொடுக்க முடியாதா?

மூன்றாவது, நம் ஊர் முதலாளிகளுக்கு. பம்ப்செட் கம்பெனி, பவுண்டரி, நூற்பாலை, தென்னை நார் ஆலை என்று நடத்தும் உங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற குறை எப்போதும் உண்டு. வடமாநிலத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவருகிறீர்கள். நான்கு ஆண்டு இயந்திரத்தோடும் வாகனத்தோடும் பழகி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கக் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பையன் வந்து வேலை கேட்டால், அவன் சான்றிதழைத் திறந்து பாருங்கள். வாட்ச்மேன் வேலையை முதலில் எடுத்து நீட்டாதீர்கள். ஸ்டோர் பொறுப்பு கொடுங்கள். மெயின்டெனன்ஸில் போடுங்கள். ஷிப்ட் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆறு மாதம் சோதித்துப் பாருங்கள்.

நான்காவது, என்னைப் போன்ற பழைய ஆட்களுக்கு. மதுக்கரையில் ராணுவ முகாம், சூலூரில் விமானப்படைத் தளம், ரெட் ஃபீல்ட்ஸில் கடற்படைப் பயிற்சி நிலையம் என்று கோவையைச் சுற்றிலும் படைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர்கள் பொள்ளாச்சி ரோடு நெடுகிலும் இருக்கிறோம். நம் சங்கங்களின் விதியிலும் ‘முன்னாள் படைவீரர்’ என்ற சொல் இருக்கும். அதைக் காட்டி அந்தப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்போம். நாலரை மணிக்கு எழுந்து ஷூ பாலிஷ் போட்டுவிட்டுப் போக இடமில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதை அவர்களிடம் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

கடைசியாக, அந்த எழுபத்தைந்து பேரில் ஒருவன் உங்கள் தெருவுக்கு வந்தால், ‘ஏன் உன்னை வைத்துக்கொள்ளவில்லை?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எங்கே இருந்தாய், என்ன வேலை பார்த்தாய்?’ என்று கேளுங்கள். அவனே சொல்லுவான். கேட்டுக்கொண்டிருந்தால், அவனுக்கு என்ன தெரியும், எந்த வேலைக்குப் பொருத்தமானவன் என்பதும் உங்களுக்கு விளங்கும். தெரிந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.